ஆறாவது வண்டி

உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்பது ஒரு குரல்தான் என்று ஆம்புலன்ஸ் நிலைய மேலாளர் முழங்கி முடித்தபோது, அவர் கையிலிருந்த மைக் தலைகீழாக இருந்தது. முதலாளியம்மா வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

வண்டிகளுக்கென்று மூன்று வகை ரேடியோக்களைப் பார்த்து, இதைத் தேர்ந்தெடுத்தவர் மேலாளர்தான். செல்போன் எடுக்காத ஆற்றுப்பாலம்வரை வண்டியில் போய்ப் பேசிப் பார்த்ததாகவும், தெளிவாகக் கேட்டதாகவும் பதினோரு நாளுக்கு முன் அறிக்கை கொடுத்திருந்தார். அது பொய். தெரிந்தால் வேலை போய்விடும்.

நிலையத்தில் இருந்ததே ஐந்து வண்டிகள்; ஐந்தும் வாசலிலேயே நின்றன. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக ரேடியோவில் தங்கள் வண்டி எண்ணைச் சொன்னார்கள்.

"அஞ்சு. ரேடியோ இல்லாமலே நீங்க கத்துறது கேக்குது சார்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ரேடியோ மறுபடி கரகரத்தது.

"ஆறு. பாலத்துல நிக்கிறேன். தெளிவாக் கேக்குது."

முதலாளியம்மா மைக்கை வாங்கினார். "யாருப்பா அது, நம்ம மேலாளர் மாதிரியே பேசுறது?"

"நான்தாம்மா. பதினோரு நாளா நிக்கிறேன். யாருமே கூப்பிடல."

அவர் மேலாளரை ஏற இறங்கப் பார்த்தார். மேலாளரின் வாய் மூடியே இருந்தது.

"அன்னைக்கு நீங்க பாலத்துக்குப் போனீங்கதானே?"

"போனேம்மா."

"திரும்பி வந்தீங்கதானே?"

அன்று மதியம் முழுவதும் மேலாளர் இதே வாசலில் நின்ற மூன்றாம் வண்டியின் ஸ்ட்ரெச்சரில் படுத்துத் தூங்கியிருந்தார்.