தோசைக்கல் வானம்

தோசைக்கல்லின் மேல் ரவையைத் தூவிவிட்டு அவன் குனிந்து பார்த்தான்.

நட்சத்திரங்கள்.

சமையலறை ஜன்னலைச் சாத்தியிருந்தான். மாவு டப்பாவில் சாய்த்து வைத்த டார்ச், பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தது. எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்த கல், கைபேசித் திரையில் கரையே இல்லாத இருட்டாகத் தெரிந்தது. ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டு ஊதினான்.

அதுதான் பால்வீதியாம்.

இந்தப் படங்களுக்கு அவன் வைத்திருந்தது ஒரே விதி. வீடு தெரியக் கூடாது. கல்லின் காது, அடுப்பின் விளிம்பு, விரல் நுனி, எது ஓரத்தில் வந்தாலும் வெட்டிவிடுவான்.

வெட்டி வெட்டிக் கை பழகிப்போயிற்று.

பொள்ளாச்சியில் அவன் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். அங்கே எடுத்த குடும்பப் படத்தில், ஓரத்தில் நின்ற அவளையே வெட்டிவிட்டான். பாதி முகம்தான் விழுந்திருந்தது, படம் கோணலாக இருந்தது என்று காரணமும் சொன்னான்.

வெட்டியதைவிடக் காரணம் சொன்னதுதான் பெரிய தப்பு.

ஊரிலிருந்து வந்த பிறகு அவள் அவனோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வேளைக்கு வந்தது. தட்டை வைக்கும் சத்தத்திலேயே கோபத்தின் அளவு தெரிந்தது. மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவள் பேசாத வீட்டில் இருப்பும் கொள்ளவில்லை.

கொலுசுச் சத்தம்.

மாவுப் பாத்திரத்தோடு அவள் சமையலறை வாசலில் நின்றாள். தோசை வார்க்க வேண்டிய கல்லில் ரவையும் மஞ்சளும்.

தொலைந்தோம் என்று நினைத்தான்.

அவள் அவன் தோளுக்கு மேலாக எட்டித் திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஜாடியிலிருந்து கல்லுப்பை அள்ளி, கோலப்பொடி தூவுவதுபோல் கல்லின் மேல் தூவினாள்.

அவசரத்தில் அவன் விரல் திரையைத் தட்டிவிட, படம் விழுந்தது.

இருட்டில் பெரிய பெரிய நட்சத்திரங்கள். ஓரத்தில் அவள் கை. இரண்டு கண்ணாடி வளையல்கள், கட்டைவிரலில் காய்ந்துபோன மாவு.

“என்ற கையும் விழுந்திருக்குது பாருங்க. வெட்டலையா?”

அவன் கைபேசியைப் பின்னுக்கு இழுத்தான்.

வளையல் வந்தது. தோள் வந்தது. கல்லின் காது, அடுப்பு, மாவுப் பாத்திரம், எல்லாம் வந்தன.

இன்னும் பின்னால் போனான், முதுகு ஃபிரிட்ஜில் இடிக்கும்வரை.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படத்துக்கு நேராகத் திரும்பி நின்றாள்.