ஆளுக்கு ஒரு பை

"ஆளுக்கு ஒரு பை. அதுவும் மடியில வெச்சுக்கிற அளவுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே, மனைவி பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்தான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

"கடலுக்குப் போறோம். இஸ்திரிப் பெட்டி எதுக்கு? அலையைத் தேய்ச்சு மடிச்சு வைக்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை.

"கார்லதானே போறோம்? தலையிலயா சுமக்கப் போறீங்க?"

"கார்னாலும் அளவாத்தான் போகணும். அந்த மூணாவது செருப்பை வெளியே எடு."

பலகையில் நின்று அலைமேல் போகும் அலைச்சறுக்கைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது கல்யாணமான புதிதில் அவளுக்கு இருந்த ஆசை. பைக் விபத்தில் அவள் தம்பியின் கால்கள் இரண்டும் செயலிழந்து, அவன் இவர்களோடு வந்து தங்கிய பிறகு, அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. தண்ணீரைக் கண்டால் கரையில் நிற்காத பிள்ளை அவன். அவனைச் சக்கர நாற்காலியில் விட்டுவிட்டு இவள் போய் அலையில் ஆடுவதா?

இந்த மனுஷனோ அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அலைச்சறுக்குப் பயிற்சி, தங்குமிடம் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டான்.

"தம்பியை யாரு பார்த்துப்பா?"

"அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு."

"என்ன ஏற்பாடு?"

"பண்ணியாச்சுன்னா பண்ணியாச்சு. நீ துண்டை மடி."

கல்லுளிமங்கன். வாயைக் கிளறினாலும் ஒன்றும் உதிராது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க கூடப் பிறந்தவனா இருந்தா இப்படி விட்டுட்டு வருவீங்களா?"

துண்டை அவனே மடித்து அவள் பையில் வைத்தான்.

"டயர்ல காத்து இருக்கான்னு பார்த்துட்டு வர்றேன்" என்று படியிறங்கிப் போனான்.

அவள் முடிவு செய்துவிட்டாள். போவதாக இல்லை. அதைத் தம்பியிடம் சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று அவன் அறைக் கதவைத் தள்ளினாள்.

நாற்காலியில் தலையில்லாத உருவம் ஒன்று கைகளை உயர்த்தியபடி தவித்துக்கொண்டிருந்தது. உடம்பைக் கவ்விப் பிடித்த கறுப்பு ரப்பர் சட்டை.

"யாரு, அக்காவா? கொஞ்சம் கீழே இழு. கழுத்துல மாட்டிக்கிச்சு."

இழுத்தாள். முகம் சிவந்து, முடி கலைந்து, தம்பி வெளியே வந்தான்.

"என்னடா வேஷம் இது?"

"கடல் தண்ணி குளிருமாம். அதுக்குத்தான்."

கட்டிலில் அவனுக்கும் ஒரு சின்னப் பை தயாராக இருந்தது.

"பலகையில படுத்துக்கிட்டே அலையில போகலாம் அக்கா. அங்க இருக்கிற பயிற்சியாளர் என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் சொல்லித் தர்றார். என் நாற்காலியை மடிச்சு வெச்சா டிக்கி ரொம்பிடும். அதான் மாமா எல்லார் பையையும் இளைக்க வைக்கிறார்."

"எங்கிட்ட ஏன்டா மறைச்சீங்க?"

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். முதல்ல என்னால மிதக்க முடியுதான்னு தெரியணும்ல? முடியலைன்னா நீ வேற அழுவே. வாரா வாரம் மாமா என்னைப் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போறதாச் சொன்னாரே, நாங்க போனது நீச்சல் குளத்துக்கு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்டதையும் பேசிட்டேன்டா அவரை."

"பேசினே. இங்கே வரைக்கும் கேட்டுது."

கீழே கார் டிக்கியைத் திறந்து மூடும் சத்தம் வந்தது. அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆமா, உங்க மாமாவுக்குத் தண்ணின்னாலே நடுக்கமாச்சே. நான் கரையில நின்னு போட்டோ எடுக்கிறேன்னுதானே எங்கிட்டயே சொன்னார்? குளத்துல உன்னை யாரு பிடிச்சுக்கிட்டா?"

தம்பி சிரித்தான்.

"அவர்தான். ஒரு கையால தன் மூக்கைப் பொத்திக்கிட்டு, இன்னொரு கையால என்னைப் பிடிச்சவர் விடவே இல்லை, அக்கா."