சனிக்கிழமைக் கூட்டம்

குடியை விட விரும்புகிறவர்கள் சனிக்கிழமைதோறும் நாலு மணிக்குக் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறி வந்தான் மத்தேயு. மாதா கோயில் மண்டபத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மட்டும் இருந்தார்.

"கூட்டம் இஞ்சதானே ஐயா?"

"ஓம் தம்பி, இரிங்க."

ஐந்து மணியாகியும் வேறு யாரும் வரவில்லை. நேரம் பிழையா, கிழமை பிழையா? மத்தேயுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எப்ப ஐயா தொடங்கப்போறீங்க?"

அவர் திகைத்தார். "நானா? நானும் குடிய விடத்தான் வந்த. இண்டைக்குத்தான் முதல் தரம்."

எழுந்த மத்தேயு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாராயக்கடையை நினைத்து மறுபடி உட்கார்ந்தான்.

"சுனாமியில மகளப் பறிகுடுத்தன் ஐயா. ஆறு வருசமாக் குடிக்கிறன்."

அவர் கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி பஸ்ஸுக்கு அவன் புறப்பட்டபோது, "வாற சனியும் வருவீங்கதானே?" என்று கேட்டார்.