தாழிக்குள் இருந்த கைகள்

சாயப் பட்டறைக்கு ஒரு ரப்பர் முத்திரை வந்தது. அவுரி இலை ஊறி நீலச் சாயமாகிக்கொண்டிருந்த தாழியின் விளிம்பில் ஏறி நின்றது.

"இன்று முதல் இந்த நீலம் என் முதலாளிக்குச் சொந்தம். அவர் அனுமதி இல்லாமல் யாரும் இதில் துணி நனைக்கக் கூடாது" என்றது.

"உங்க முதலாளி கை எப்பவாச்சும் இதுக்குள்ள இறங்கியிருக்கா?" என்று கேட்டது தாழி.

"கை எதற்கு? முதலில் பதிவு செய்தவர் அவர்தான். வேறு யாருக்காவது உரிமை இருந்தால் முன்னால் வரச் சொல்."

"அவங்க எங்க வெளிய வர்றது? என்னைக் கலக்குன கையெல்லாம் உள்ளதான் இருக்கு. குனிஞ்சு பாருங்க."

முத்திரை சிரித்துக்கொண்டே குனிந்தது. நுரை மெல்ல விலகியது. ஆழம் முழுக்கக் கைகள். வளையல் போட்டவை, காய்ப்பேறியவை, பிஞ்சுக் கைகள், எல்லாம் நிதானமாகச் சாயத்தைக் கலக்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் நின்றது. மேலே நீண்டு, முத்திரையின் முகத்தைத் தடவிப் பார்த்தது.

அலறியடித்துக்கொண்டு முதலாளியின் மேசைக்கு ஓடிய முத்திரை, அங்கே தயாராக இருந்த உரிமைப் பத்திரத்தில் அவசரமாகத் தன்னைக் குத்திக்கொண்டது. முதலாளியின் பெயர் விழவில்லை. தாழிக்குள் ஊறும் அவுரிச் சாயம் போலப் பச்சையாக ஒரு கைரேகை விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காற்றுப் பட்டு அது நீலமானது.

முகத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடியும் குத்தியது. இப்போது வேறு யாருடைய ரேகையோ விழுந்தது.

மூன்றாவது முறை குத்த அதற்குத் துணிவு வரவில்லை. பத்திரத்தை விட்டு விலகி, மூலையில் ஒண்டிக்கொண்டது.

பத்திரத்தில் மூன்றாவது ரேகை, தானாகவே, பச்சையாக ஊறி வந்தது.