செரட்டோனின் சண்டை

தன் கூட்டம் விரட்டிவிட்டதிலிருந்து குரங்குக்குத் தூக்கமே இல்லை. மரத்தடியில் முழித்துக் கிடந்தது.

"மூளையில சுரக்கிற செரட்டோனின் குறைச்சல்டா. அது ஏறினா மனசு தெளியும், தூக்கமும் தானா வரும்," என்றது டாக்டர் வீட்டிலிருந்து தப்பி வந்த கிளி.

"ஏறினா முழிப்புதான் வரும். எனக்கே ஊசி போட்டுப் பார்த்தாங்க," என்றது ஆய்வுக்கூடத்து எலி.

"உன் மண்டையும் இவன் மண்டையும் ஒண்ணா?"

"நீ காதுல விழுந்ததை ஒப்பிக்கிறவன்தானே?"

குரங்குக்கு ஒரு எழவும் புரியவில்லை. ஆனாலும் தனக்காக அடித்துக்கொள்ள இரண்டு பேர் பக்கத்தில் இருந்தார்கள். கண் சொருகியது.

"தூங்கிட்டான்," என்று எலி பேச்சை நிறுத்தியது. உடனே குரங்கின் இமை துடித்தது.

"நிறுத்தாதே, முழிச்சுக்குவான். என்னைத் திட்டு," என்றது கிளி.

எலி மெதுவான குரலில் திட்ட ஆரம்பித்தது.