முட்டி வலி

ஒரே ஒரு மாடி ஏற லிஃப்டுக்குக் காத்து நிற்கிற மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? அதுவும் லிஃப்டில் ஏறிப் போனது எங்கே? சாப்பாட்டுக் கூடத்துக்கு.

"வெக்கமா இல்லியா உங்களுக்கு? எழுபது வயசு வெள்ளைக்காரக் கிழவி படியேறிப் போறா. நீங்க லிஃப்ட்ல போயி வடைத் தட்டு முன்னால நிக்கீக!"

"முட்டி வலிக்கி லட்சுமி" என்றார் சீனிவாசகம், வடையைச் சட்னியில் முக்கியபடி.

"வடையைக் கண்டா மட்டும் வலிக்காதோ?"

"வாயாலதான திங்கேன். முட்டியாலயா?"

ஏழாயிரம்பண்ணையில் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர் சீனிவாசகம். தீபாவளி சீசன் முடிந்ததுமே மகன், "அப்பாவுக்குச் சுகர் எகிறிக்கிட்டே போகுது. எப்படியாவது ஆளை அசைய வைங்கம்மா" என்று சொல்லி, இரண்டு பேரையும் சென்னையில் சொகுசுக் கப்பல் ஏற்றிவிட்டான். கப்பலில் காலை நடை, யோகா, ஜிம் எல்லாம் உண்டு. எந்நேரமும் சாப்பாடும் உண்டு. அதை அவன் யோசிக்கவில்லை.

அவர் அசையவில்லை. செல்வலட்சுமி எல்லாவற்றிலும் சேர்ந்துவிட்டாள். விடியுமுன் எழுந்து மேல்தளத்தைச் சுற்றி வந்தாள். லிஃப்ட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ப்பட்ட தமிழ்க்காரர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலியாம். நடிப்பு. அம்புட்டும் நடிப்பு!" என்று அலுத்துக்கொண்டாள்.

"எனக்காகவா சொல்லுதேன்?" என்று அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையிலும் ஆரம்பித்தாள். "இப்படியே இருந்தா காலையே எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? உங்களுக்கு ஒண்ணுன்னா நான் ஒரு நிமிஷம் உசிரோட இருப்பேனா?"

கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது.

சீனிவாசகத்துக்கு என்னமோபோல் ஆகிவிட்டது. "சரி, அழாத. நாளைக்கி உன்கூட வாரேன். ஆனா உக்காந்துதான் பாப்பேன்."

மறுநாள் நீச்சல் குளத்துப் பக்கம் ஆட்டப் பயிற்சி. பாட்டைப் போட்டுவிட்டுக் கையையும் காலையும் உதற வேண்டியது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். செல்வலட்சுமி அதைச் சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்று ஆடினாள். சீனிவாசகம் தூரத்தில் ஒரு நாற்காலியில், தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜியோடு. இடுப்பை ஆட்டிக்கொண்டே அவரை முறைத்தாள். அவர் பஜ்ஜியைத் தூக்கிக் காட்டி, 'வேணுமா' என்று கேட்டார்.

பயிற்சி முடிகிற நேரத்தில், மேடைக்கு மேலே கட்டியிருந்த ராட்சத பலூனை யாரோ குத்தி உடைத்தார்கள்.

டமார்!

உள்ளேயிருந்து வண்ணக் காகிதங்கள் கொட்டின. கூட்டம் விசிலடித்துக் கைதட்டியது.

செல்வலட்சுமி அங்கே இல்லை.

தாயில்பட்டியில் பிறந்து ஏழாயிரம்பண்ணையில் வாக்கப்பட்டவள். இரண்டுமே பட்டாசு ஊர். வெடிச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே ஓடு, திரும்பிப் பார்க்காதே என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிக் கொடுப்பது. சீனிவாசகமே அதைத் தன் கம்பெனிச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஓடினாள். யார் காலையோ மிதித்து, யார் காப்பியையோ தட்டிவிட்டு, இரண்டு மாடி இறங்கி, ஆபத்துக்கு ஏறித் தப்பிக்கிற படகுகள் தொங்கும் இடத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே பாட்டும் சிரிப்பும் கேட்டது.

"அடச்சீ, பலூனா!"

சிரிப்பு வந்துவிட்டது. நல்லவேளை, தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை. முடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படியேறினாள்.

நாற்காலியில் அவரைக் காணோம். தட்டு கவிழ்ந்து, பஜ்ஜியெல்லாம் தரையில் கிடந்தது. மேடைப் பக்கம் கூட்டம். விலக்கிக்கொண்டு போனாள்.

தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார் சீனிவாசகம். அவருக்கு எதிரே மஞ்சள் பனியன் போட்ட, நல்ல கனத்த பம்பாய்க்கார அம்மாள் ஒருத்தி இந்தியில் காட்டுக் கத்தல் கத்திக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?" என்று பக்கத்திலிருந்த சேலத்துக்காரரைக் கேட்டாள்.

"அந்தப் பெரியவர் எங்கிருந்தோ ஓடி வந்தாருங்க. இந்தம்மாவைப் பின்னால இருந்து கட்டிப்பிடிச்சு இழுத்தாரு. ரெண்டு பேரும் உருண்டுட்டாங்க."

செல்வலட்சுமிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"அட பாவி மனுஷா! பொண்டாட்டிகூட நாலு எட்டு நடக்க முட்டி வலிக்கி. எவளையோ கட்டிப்பிடிக்கணும்னா மட்டும் அங்கனருந்து இங்கன ஓடி வரத் தெரியுதோ? மானத்த வாங்கிட்டீகளே! இப்ப எங்க போச்சு உங்க முட்டி வலி?"

சீனிவாசகம் நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. வலது முட்டி தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, தலை, முகம், தோள் என்று தடவித் தடவிக் காயம் இருக்கிறதா என்று தேடினார்.

"சத்தம் உன் தலைக்கு மேலதான் கேட்டுச்சு லட்சுமி. மஞ்சப் பனியனப் பாத்ததும் நீன்னு நெனச்சு இழுத்துட்டேன். உனக்கு ஒண்ணும் ஆகலயே? நீ எங்கன இருந்த?"

செல்வலட்சுமிக்குச் சுருக்கென்றது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

"பாத்ரூம் போயிருந்தேன்" என்றாள்.