உடல் அகலம் நாற்பத்திரண்டு

குழாயின் விட்டத்தையும் அடைப்பு எவ்வளவு கெட்டி என்பதையும் சொன்னால், எதை உள்ளே இறக்கலாம் என்று மென்பொருள் தேர்ந்தெடுத்துத் தரும். பழைய நகரத்தின் குறுகலான சாக்கடைகளுக்கு அது எப்போதும் டில்லிபாபுவையே தேர்ந்தெடுத்தது. கருவிப் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே, உடல் அகலம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் என்றிருந்தது. மறுத்தால், வேலைக்காகக் கொடுத்த குடியிருப்பை விட்டுக் குடும்பத்தோடு வெளியேற வேண்டும்.

அவன் மனைவி கஸ்தூரிதான் வழி கண்டுபிடித்தாள்.

"இன்னும் ரெண்டு இட்லி துன்னுய்யா. நீ பெருத்துட்டா அது உன்ன எப்டி எடுக்கும்?"

"நீ துன்னியா?"

"நான் அப்பவே துன்ட்டேன்."

ஆறு மாதம் அவன் தின்று தின்று பெருத்தான். சட்டைகள் போதவில்லை.

அளவெடுக்க வந்த மேற்பார்வையாளர் வழக்கம்போல் வீட்டிலிருந்த இருவரையும் கேமரா முன் நிறுத்தினார். திரையில் டில்லிபாபுவுக்கு நேரே 'பொருந்தாது' என்று வந்தது. கஸ்தூரி வாய்விட்டுச் சிரித்தாள். தொளதொளத்த ரவிக்கை தோளிலிருந்து நழுவியது.

மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"முப்பத்தஞ்சும்மா. இவ்ளோ சின்ன அளவு பட்டியல்லயே இல்ல. காலைல ஏழு மணிக்கு வந்துடு."

"சார், அது பொம்பள சார்!" என்று டில்லிபாபு கத்தினான்.

"நானாப்பா எடுக்குறேன்? அது எடுக்குது."

மறுநாள் காலை மூடியைத் திறந்தார்கள். மேலே நின்று கயிற்றைப் பிடிக்க நல்ல எடையுள்ள ஆள் வேண்டியிருந்தது. அதற்கு மென்பொருள் டில்லிபாபுவைத் தேர்ந்தெடுத்திருந்தது.